முள் வெட்டிய வில்லை

சந்தைத் தெரு, ஹவுஹா
7 மார்ச் 1988

சார்ஜெண்ட் அபுந்தியோ தைப்பே அவர்களுக்கு,

கும்பாதிரி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. என் மகன் ருஃபினோவின் நெஞ்சில் படை வில்லையை அடித்து இறக்கிய நாளில் நீரே என்னிடம் வந்து, "இன்னையிலேர்ந்து நான் இவனுக்கு ஞானத்தகப்பன், நீங்க எனக்குக் கும்மாதிரி, நான் உங்களுக்குக் கும்பாதிரி" என்று சொன்னீர். நானும் பூரித்துப்போய் உமக்குப் பன்றித் தொடை ஒன்றைக் கட்டிக் கொடுத்தேன். அது செரித்திருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த நாள் அப்படியே கண்ணில் நிற்கிறது. ஒத்தோரொங்கோ படைக் கம்பெனி மொத்தமும் மைதானத்தில். வில்லையில் கத்தியைக் கவ்விய காட்டுப்புலித் தலை, பின்பக்கம் இரண்டு நீள முள். மூடி போடாமல் பிள்ளையின் நெஞ்சில் வைத்து முஷ்டியால் ஓங்கிக் குத்தினீர். ரத்தம் இடுப்புவரை இறங்கியது. என் பிள்ளை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கேப்டன் உர்ரூத்தியா மேடையிலிருந்து "செத்தவன் இடத்தை எது நிரப்பும்?" என்று கத்த, பையன்கள் எல்லாரும் "அதே ரத்தம்!" என்றார்கள். கூட்டத்தோடு நானும் கத்தினேன். கரும்புச் சாராயம் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

உங்கள் வழக்கம் ஹவுஹாவில் எல்லாருக்கும் தெரியும். வீரனாகச் செத்தவனின் வில்லையை அவன் ஞானத்தகப்பனே கையில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவருவான். முள் இரண்டும் முழுசாக இருக்கும். அவன் தம்பி அண்ணனின் படை எண்ணை வாங்கிக்கொண்டு படைக்குப் போவான். கோழையாகச் செத்தவனின் வில்லையை முள்ளை வெட்டித் தபாலில் அனுப்புவார்கள். அந்த வீட்டு ரத்தத்தைப் படை அப்புறம் தொடாது.

"மோதலில் இறந்தான், அங்கேயே அடக்கம்" என்று போன மாதம் தந்தி வந்தது. அன்றிலிருந்து நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீர் வருவீர் என்று. நேற்று வந்தது தபால்காரன். ஒரு பழைய பால் டப்பா. உள்ளே நாளிதழில் சுற்றிய வில்லை. முள் இரண்டும் அடியோடு வெட்டியிருந்தது. தபால்காரன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பத்து வருடமாக என்னிடம் எலும்பு ஓசியில் வாங்குகிறவன்.

என் சின்னவன் எல்மர் அண்ணன் எண்ணை வாங்கப் போகிறேன் என்று தலையைக்கூட மழித்துவிட்டான். ஈஸ்டர் முடிந்ததும் புறப்படுவதாக இருந்தான். அவன் போகிறான் என்று நான் ஒளிந்து அழுதது வேறு கதை. இப்போது அவன் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு முள் வெட்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு ஒன்று தெரியவேண்டும். என் பிள்ளை எப்படிச் செத்தான்?

எர்மெலிந்தா யௌரி


கெப்ராதா ஓந்தா முகாம்
15 மார்ச் 1988

மதிப்பிற்குரிய திருமதி எர்மெலிந்தா யௌரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும் அலுவலகத்தில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் விடுவார்கள். ஆகவே, இதைப் படித்துக்கொண்டிருக்கும் கார்ப்ரலுக்கும் என் வணக்கம்.

வில்லையை அடித்து இறக்கியவனுக்கே அதன் முள்ளை வெட்டும் உரிமையும் உண்டு. அது கம்பெனி வழக்கம். வெட்டியது நான்தான். காரணத்தைக் குடும்பத்துக்கு எழுதுவதில்லை என்பதும் வழக்கம்.

கேப்டன் விடுப்பில் லிமாவில் இருக்கிறார். ஈஸ்டர் முடிந்து வருவார். இதுபற்றி அவருக்கு எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தம்பி எல்மரைக் கடையிலேயே வைத்துக்கொள்ளவும். பன்றி வெட்டுவது நல்ல தொழில். ஊரில் யார் என்ன பேசினாலும் அவனைக் கடையிலேயே வைத்துக்கொள்ளவும்.

தொடை செரித்தது. மிக நன்றாக இருந்தது.

இப்படிக்கு,
அபுந்தியோ தைப்பே, சார்ஜெண்ட்


ஹவுஹா
22 மார்ச் 1988

அபுந்தியோ,

இனி உனக்கு நீர், நீங்கள் எல்லாம் கிடையாது. எந்தக் கார்ப்ரல் படித்தாலும் படிக்கட்டும். உரக்கவே படிக்கட்டும்.

நல்ல தொழிலா? சரி, அந்த நல்ல தொழில் நடக்கிற லட்சணத்தைக் கேள். கோழிக் கடை ப்ருதென்சியா நேற்று சந்தை நடுவில் நின்று, "கோழையப் பெத்த வயிறு இன்னைக்கு என்ன வெட்டுதாம்?" என்று கேட்டாள். வெட்டுக்கத்தியைத் திருப்பி, அதன் தட்டையால் வாயில் ஒன்று போட்டேன். இரண்டு பல் அவள் கோழிகளுக்கு நடுவே விழுந்தது. அவள் புருஷன் வந்தான், அவனுக்கும் கிடைத்தது. என் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அறுத்து வைத்த பன்றியைத் தெருநாய்கள் இழுத்துக்கொண்டு ஓடின.

எல்மரைச் சாராயக் கடையில் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் முன்பு உன் கம்பெனியில் இருந்தவர்கள்தான். அவன் தொப்பியைக் கழற்றி உள்ளே ஒரு முட்டையை வைத்து, "உக்காந்து அடை காத்துக்கோடா, உங்க அண்ணன் மாதிரி" என்றார்களாம். அவன் பாட்டிலை உடைத்து ஒருத்தன் கன்னத்தில் இறக்கினான். மற்றவர்கள் சேர்ந்து அவனைத் தரையில் போட்டு மிதித்து, ஒரு காதைப் பாதி கிழித்துவிட்டார்கள். குடல் தைக்கிற ஊசியால் நானே தைத்தேன். தைத்து முடிக்கிற வரைக்கும் அவன் ஒரு சத்தம் போடவில்லை. அந்த ரத்தத்தையா கோழை ரத்தம் என்று முள் வெட்டினாய்?

அவன் இப்போது சொல்வது இவ்வளவுதான்: "கேப்டன் வரட்டும்மா. நானே போய் நிக்கிறேன். அண்ணன் எண்ணை என்கிட்ட குடுங்க, கறையக் கழுவிக் காட்டுறேன்னு கேக்குறேன். அதுக்கு முன்னாடி அந்த சார்ஜெண்ட் தொண்டைய அறுத்துட்டுத்தான் கேப்பேன்." நான் தடுக்கவில்லை. எலும்பு சீவுகிற சின்னக் கத்தியைத் தீட்டிக் கொடுத்திருக்கிறேன்.

கேப்டனுக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டேன். அவர் வந்து இறங்கியதும் கிடைக்கிற மாதிரி அனுப்புவேன். என் பிள்ளை எங்கே ஓடினான், யாரை விட்டுவிட்டு ஓடினான், பார்த்தவன் யார், எல்லாம் கேட்டிருக்கிறேன்.

நீ சாப்பிட்ட தொடை உன் வயிற்றிலேயே புழுத்துப் போகட்டும்.

எர்மெலிந்தா


28 மார்ச்

கும்மாதிரி,

இதைத் தபாலில் போடவில்லை. எங்கள் முகாமுக்கு உப்பும் உருளைக்கிழங்கும் இறக்கிவிட்டு, வாழைத்தார் ஏற்றிக்கொண்டு உங்கள் ஊருக்கு வருகிற லாரிக்காரர் தெயோ கையில் கொடுத்து அனுப்புகிறேன். கார்ப்ரலுக்கு இதில் பங்கு இல்லை. படித்ததும் எரித்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளை ஓடவில்லை. ஆற்றைக் கடக்கும்போது இரண்டு கரையிலிருந்தும் கொரில்லாக்கள் சுட்டார்கள். இடுப்பளவு தண்ணீர். முன்னால் போன மூன்று பேர் சுருண்டு மிதந்தார்கள். வயர்லெஸ்காரன் சிப்ரியானோவுக்குத் தொடை எலும்பு போய்விட்டது. ருஃபினோ கரை ஏறியவன், திரும்ப இறங்கினான். நான் "வராதடா" என்று கத்தினேன். கேட்டால்தானே. சிப்ரியானோவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தோளிலே அவன், ஒரு கையில் துப்பாக்கி, சுட்டுக்கொண்டே வந்தான். கரையில் அவனை என்மேல் எறிந்தான். அப்போதுதான் கழுத்தில் பட்டது. கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கில் ரத்தம் பீறிட, ஏதோ சொல்லப் பார்த்தான். வார்த்தை வரவில்லை, வாயிலும் ரத்தம்தான் வந்தது. குப்புற விழுந்தான். விழுந்த வேகத்தில் வில்லையின் முள் மறுபடியும் அவன் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. நான்தான் அதைப் பிடுங்கி எடுத்தேன். முதலில் இறக்கியவனும் நான்தான்.

கும்மாதிரி, அவனைவிடச் சுத்தமாகச் செத்தவனை இந்தக் கம்பெனியில் நான் பார்க்கவில்லை.

அப்படியென்றால் ஏன் வெட்டினாய் என்று கேட்பீர்கள். மேடையில் கத்துகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும், காட்டுக்குள் நடக்கிற வழக்கம் தெரியாது. அண்ணன் எண்ணோடு வருகிற தம்பியைக் கேப்டன் அண்ணன் செத்த அதே தடத்தில், வரிசைக்கு முன்னால் நடக்க விடுவார். "பழி வாங்க வந்தவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்பார். தெரியாது. கோபத்தில் இருக்கிறவனுக்குக் கண்ணி வெடியும் தெரியாது, கம்பியும் தெரியாது. ஒரு தம்பிகூட ஒரு மழைக்காலம் தாண்டியதை நான் பார்க்கவில்லை.

கொன்செப்சியோனில் ஒரு தாய் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு அண்ணன், தம்பி, கடைசித் தம்பி என்று மூன்று தடவை வில்லை ஏந்திக்கொண்டு போனவன் நான். மூன்று பேருக்கும் நான்தான் ஞானத்தகப்பன். மூன்றாவது தடவை அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "இனிமே யாரும் இல்ல, சார்ஜெண்ட். நாய் ஒண்ணு நிக்குது, அதுக்கும் அதே ரத்தமான்னு பாத்துட்டுக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

ருஃபினோவின் வில்லையைக் கழுவும்போது உங்கள் எல்மர் ஞாபகத்துக்கு வந்தான். விழா நாளில் என் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்க விடும்படி கெஞ்சினானே. கேப்டன் ஊரில் இல்லை. அடித்தவனுக்கு வெட்டும் உரிமை உண்டு. சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கம்பி வெட்டும் குறடால் இரண்டு முள்ளையும் வெட்டினேன். செத்தவனின் பேரை எடுத்து உயிரோடு இருப்பவனுக்குப் போர்த்தினேன். ருஃபினோ இருந்திருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பான். எனக்கு அது நிச்சயம்.

நான் பதில் எழுதியபோது இதைச் சொல்ல வழியில்லை. உங்கள் கடிதத்தைக் கேப்டனுக்கு அனுப்பாதீர்கள். என்னைத் தவிர அதைப் பார்த்தவன் சிப்ரியானோதான், காலை எடுத்த பிறகும் வயர்லெஸ் கொட்டகையில்தான் இருக்கிறான். அவர் விசாரித்தால் வாயைத் திறப்பான், கட்டைக்காலோடு எழுந்து நின்று திறப்பான், அவன் அப்படி. அப்புறம் வில்லைக்குப் புது முள், வாத்தியம், கொடி எல்லாம் உங்கள் வாசலுக்கு வரும். போகும்போது எல்மரைக் கூட்டிக்கொண்டு போகும்.

எல்மர் என்னை வெறுக்கட்டும். வெறுத்துக்கொண்டு பன்றி வெட்டட்டும்.

உங்கள் கும்பாதிரி,
அபுந்தியோ


ஹவுஹா
பெரிய வெள்ளி

கும்பாதிரி,

இன்று காலை தெயோ உம் கடிதத்தைக் கொடுத்தார். எல்மர் நேற்றே போய்விட்டான். மரம் ஏற்றப் போன லாரியில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறான். அண்ணன் வில்லையை ஊக்கு போட்டுச் சட்டையில் குத்திக்கொண்டு, நான் தீட்டிய கத்தியையும் எடுத்துக்கொண்டு, கேப்டனுக்கு நான் எழுதிய கடிதத்தையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். தெயோ வண்டியைத் திருப்பச் சம்மதித்துவிட்டார். கீழே நின்று ஹாரன் அடிக்கிறார்.

உம்மை நான் சபித்தேன். அந்தச் சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள நேரமில்லை, பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

அவனைத் தடுத்துவிடும். கேப்டன் கண்ணில் படுவதற்கு முன்னால் கட்டிப் போடும். முடியாவிட்டால் அவன் காலை ஒடித்துவிடும். நான் சொல்கிறேன், அவனைப் பெற்றவள் சொல்கிறேன், ஒடித்துவிடும். நொண்டிப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் சந்தோஷமாக இருப்பேன். நொண்டி உட்கார்ந்து பன்றி வெட்ட ஒரு முக்காலி போதும். நெஞ்சில் அந்தப் புலித்தலையோடு பெட்டியில் வருகிறவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

என் ருஃபினோ ஆற்றில் திரும்ப இறங்கினானா. அப்படியா. அப்படித்தான் செய்வான்.

எர்மெலிந்தா


9 ஏப்ரல்

கும்மாதிரி,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தெயோ பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அவனை முதலில் பார்த்தது நான் இல்லை. கேப்டன் ஈஸ்டருக்கு முன்னாலேயே திரும்பிவிட்டார், நான் காட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது மைதானத்தில் கேப்டன் முன்னால் நிற்கிறான். கத்தியைக் காவலில் பிடுங்கியிருந்தார்கள். கேப்டனுக்கு ஒரே சந்தோஷம். "பாருங்கடா, ரத்தம் தானா நடந்து வந்திருக்கு!" என்று எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். உங்கள் கடிதம் அவர் கையில் இருந்தது. வில்லையைத் திருப்பிப் பார்த்து, "யாருடா வெட்டினது?" என்றார்.

"நான்தான். ருஃபினோ ஓடினான்" என்றேன். எல்மர் முன்னாலேயே சொன்னேன். கம்பெனி முன்னாலேயே சொன்னேன்.

எங்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. ஞானத்தகப்பன் சொன்னது பொய் என்று தோன்றினால், செத்தவனின் ரத்தம் அவனை வட்டத்துக்குள் அழைக்கலாம். கையில் ஆயுதம் இல்லாமல் அடித்துக்கொள்ள வேண்டும். ரத்தம் ஜெயித்தால் வில்லைக்கு முள் திரும்ப வரும், எண்ணும் அவனுக்கு. ஞானத்தகப்பன் ஜெயித்தால் அவன் சொல் நிற்கும். இது எல்மருக்கு எப்படித் தெரிந்ததோ, சாராயக் கடையில் அவனை அடித்தவர்கள் சொல்லியிருப்பார்கள். "வாடா வெளிய, பொய்க்காரா" என்றான். கேப்டன் பூட்ஸ் நுனியால் தானே வட்டம் போட்டார்.

உங்கள் பிள்ளை நன்றாக அடிக்கிறான். என் மூக்கு போனது. இரண்டு விலா போனது. என் தலையைப் பிடித்துத் தரையில் மோதினான். தைத்த காது பிரிந்து அவன் ரத்தம் என் கண்ணில் விழுந்தது. நான் தோற்றுக்கொண்டிருந்தேன், கும்மாதிரி. நான் விழுந்தால் அவனுக்கு எண். அப்போது தெயோ கூட்டத்துக்குப் பின்னால் நின்று உங்கள் கடிதத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் எனக்கும் அதுதான் தோன்றியது. அவன் வலது முழங்காலில் பூட்ஸ் குதிகாலை இறக்கினேன். விழுந்தான். எழுந்தான். கும்மாதிரி, அவன் எழுந்தே விட்டான். இரண்டாவது தடவையும் செய்ய வேண்டியதாயிற்று. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கம்பெனி எனக்குக் கைதட்டியது. கேப்டன் குனிந்து காலைப் பார்த்துவிட்டு, "உடைஞ்ச கால வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, எடுத்துட்டுப் போங்கடா" என்று வில்லையையும் அவன்மேலேயே எறிந்தார். வாழைத்தார் மேல் சாக்கை விரித்து அவனைப் படுக்க வைத்தோம். என் முகத்தில் துப்பினான். நல்ல குறி.

லாரி பாலத்தைத் தாண்டிய பிறகுதான் சிப்ரியானோ பேசினான். அதுவரைக்கும் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தான் என்பதே ஆச்சரியம். கட்டைக்காலோடு முன்னால் வந்து, "கேப்டன், என்னைத் தூக்கிட்டு வந்தவன் ருஃபினோ. ஓடினான்னு சொன்னா என் இன்னொரு காலும் அழுகிப் போகும்" என்றான்.

என் வில்லையைக் கேப்டனே பிடுங்கினார், அவரே வெட்டினார். அப்புறம் சந்து என்கிற தண்டனை. இரண்டு வரிசையாக நிற்பார்கள், பெல்ட்டை அதன் இரும்பு வளையம் நுனியில் தொங்கும்படி பிடித்துக்கொண்டு. நடுவில் நடக்க வேண்டும், ஓடக் கூடாது. நான் நடந்தேன். நான் பழக்கிய பையன்கள், நன்றாகவே அடிக்கிறார்கள். சிப்ரியானோவும் வரிசையில் நின்றான். அவன் பெல்ட் மட்டும் என்மேல் படவில்லை. வலது கையும் கண் ஒன்றும் போய்விட்டன. படையிலிருந்தும் போயாயிற்று. இப்போது தெயோவின் தங்கை வீட்டில், தார்மாவில், படுத்திருக்கிறேன்.

உங்கள் வாசலுக்குச் சீக்கிரம் வாத்தியம் வரும். எல்மரைக் கேட்பார்கள், உடைந்த காலைக் காட்டச் சொல்லுங்கள்.

அபுந்தியோ, சார்ஜெண்ட் இல்லை


ஹவுஹா
24 ஏப்ரல் 1988

கும்பாதிரி,

வாத்தியம் வந்தது. நீர் சொன்ன மாதிரியே கொடியும் வந்தது. வெள்ளைக் கையுறை போட்ட கார்ப்ரல் ஒருத்தன், அவன்தான் நம் கடிதத்தையெல்லாம் படித்தவன் என்று மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்தது, பட்டுத் துணியில் புது வில்லையை ஏந்திக்கொண்டு வந்தான். முள் இரண்டும் பளபளவென்று முழுசாக. சந்தை மொத்தமும் கூடிவிட்டது. ப்ருதென்சியா பல் இல்லாத வாயால் அழுதாள். என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள், நான் நகர்ந்துகொண்டேன்.

கார்ப்ரல் எல்மரைத்தான் தேடினான். "தம்பி எங்க?" என்றான். எல்மர் உள்ளே கட்டிலில். தொடையிலிருந்து மாவுக்கட்டு. ஹுவான்காயோ டாக்டர் இந்தக் கால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார். கார்ப்ரல் எட்டிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், வாங்க வந்த நாற்காலி பிடிக்காதவன் மாதிரி உதட்டைப் பிதுக்கினான். அப்புறம், "பழைய வில்லையைக் குடுங்க, அது கணக்குல சேராது, திரும்ப வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்றான்.

புது வில்லையை அவன் பட்டுத் துணியிலேயே திரும்ப வைத்தேன். "இத நீயே எடுத்துட்டுப் போ, தம்பி. இது யார் நெஞ்சுலயும் இறங்கல. அந்தப் பழசு என் கும்பாதிரி அடிச்சது, அவரே வெட்டினது. அது குடும்ப விஷயம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். வாத்தியக்காரர்களுக்கு ஊதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பாதி ஊதினார்கள்.

எல்மரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உம் கடிதங்களைப் படித்தும் காட்டினேன். எரிக்கச் சொன்னீர், எரிக்கவில்லை. ஆற்றில் அண்ணன் திரும்ப இறங்கிய இடத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, முதல் தடவையாக அழுதான். இன்று காலை கஞ்சி குடிக்கும்போது, "அந்த ஆளு ரெண்டாவது தடவ கொஞ்சம் மெதுவா மிதிச்சிருக்கலாம்மா" என்றான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நான்தானே ஒடிக்கச் சொன்னேன், யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். நேற்று கோயிலில் முட்டி போட்டு, முறையாக.

தெயோ கையில் ஒரு பன்றித் தொடை வருகிறது. கூடவே ஒரு பால் டப்பா வரும். அதே டப்பா, அதே நாளிதழ். உள்ளே என் பிள்ளையின் வில்லை இருக்கிறது, முள் இல்லாமல். உமக்கே திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வீரனாகச் செத்தவனின் வில்லையை அவன் ஞானத்தகப்பன் தன் கையால்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அது உங்கள் வழக்கம். தபாலில் வந்ததை நான் வாங்கியதாக வைத்துக்கொள்ளவில்லை.

கை ஆறியதும் கொண்டுவாரும். இடது கையாக இருந்தாலும் பரவாயில்லை. கொன்செப்சியோன் தாய் மாதிரி நான் ஜன்னலில் நிற்க மாட்டேன்.

உம் கும்மாதிரி,
எர்மெலிந்தா